கல்லறைக்கல்லில் ஒரு பாடகர்

1969ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் இசைத்தட்டின் உறையை முழுவதும் ஒரு கல்லறைக்கல் அடைத்துக்கொண்டு நிற்கிறது. கல்லின் மேற்பகுதியில் நீள்வட்டமாக ஒரு சிறு படம். அதில் அமெரிக்கக் கொடிக்கு முன்னால் தோளில் துப்பாக்கியுடன் ஓர் இளைஞர். படத்துக்குக் கீழே பொறித்திருப்பது இவ்வளவுதான்: ஃபில் ஓக்ஸ், அமெரிக்கர், பிறப்பு டெக்சஸ் மாநிலம் எல் பாஸோ 1940, இறப்பு இல்லினாய் மாநிலம் சிகாகோ 1968. இந்த உறையை முதன்முதலில் பார்த்தபோது, அகால மரணமடைந்த ஒருவரின் பாடல்களை அவருடைய நண்பர்கள் தொகுத்து வெளியிட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அந்த எண்ணத்தோடே பாடல்களையும் கேட்டு முடித்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்தக் கல்லை வைத்துக்கொண்டவர் அவரேதான் என்றும், உறை அச்சானபோது அவர் நல்ல உடல்நலத்துடன் இருந்தார் என்றும், உண்மையான மரணம் 1976இல், சிகாகோவிலிருந்து வெகுதொலைவில், நியூயார்க் கடற்கரையோரத்தில் அவருடைய அக்காளின் வீட்டில் நிகழ்ந்தது என்றும்.

கல்லில் பொறித்த ஆண்டுக்கும் உண்மையான ஆண்டுக்கும் இடையில் இருக்கும் அந்த எட்டு ஆண்டுகள்தான் அவரைப் பற்றி என்னைத் தொடர்ந்து படிக்கவைத்தன. ஓக்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கல்லறைக்கல்லை நம்பிவிடுகிறார்கள். நாடு கெட்டது, அதனால் பாடகர் உடைந்தார் என்பது கேட்பதற்குப் பொருத்தமாகவும் அழகாகவும் இருக்கும் கதை. ஆனால், நாட்டின் வரலாற்றையும் தன் உடம்பின் வரலாற்றையும் ஒன்றாக்கிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தது என்பதற்காக நாமும் அப்படியே பார்க்க வேண்டியதில்லை என்று நான் நினைக்கிறேன். நோய் அந்தக் குடும்பத்துக்குள் 1968இன் சிகாகோ மாநாட்டுக் கலவரத்துக்கு வெகு முன்னரே வந்திருந்தது.

அவருடைய தந்தை ஜேக்கப் ஓக்ஸ் ஒரு மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் ராணுவ மருத்துவராக ஐரோப்பியப் போர்முனைக்குப் போனவர், மனம் கலங்கித் திரும்பிவந்தார். இன்று இருமுனை மனநிலைக் கோளாறு என்று சொல்லப்படும் நோய் அவருக்கு இருந்தது. மருத்துவமனைகளில் நெடுங்காலம் இருந்தார். வெளியே இருந்த காலங்களில் நிலையாக ஓரிடத்தில் தொழில் நடத்த முடியாமல், குடும்பத்தை ஊர் ஊராக மாற்றிக்கொண்டிருந்தார். தாய் ஜெர்ட்ரூட் ஸ்காட்லாந்துக்காரர். அக்காள் சோனி, தம்பி மைக்கேல் ஆகியோருடன் வளர்ந்த ஃபில், வீட்டுக்குள் கலகலப்பில்லாத அந்த நாட்களைத் திரையரங்குகளில் கழித்தார். ஜான் வெய்னும் ஆடி மர்ஃபியும் துப்பாக்கியுடன் நாட்டைக் காப்பாற்றும் படங்களை அவர் திரும்பத் திரும்பப் பார்த்தார். பின்னாளில் அமெரிக்க அரசை அவ்வளவு கடுமையாகத் திட்டிப் பாடிய இந்த மனிதர் கடைசிவரை அந்தக் கதாநாயகர்களின் மீதான காதலை விடவே இல்லை என்பதை மறந்துவிட்டால், அவருடைய பாட்டுகளில் பாதி விளங்காது. அவர் திட்டியது ஏமாற்றிய காதலியைத் திட்டுவதைப் போன்றது.

இசை அவருக்கு முதலில் கிளாரினெட் வழியாக வந்தது. பதினாறு வயதுக்குள்ளாகவே ஒஹையோவின் கொலம்பஸ் நகரிலிருந்த இசைக்கல்லூரி வாத்தியக்குழுவில் தனி வாசிப்பாளராக இருக்கும் அளவுக்கு அதில் தேர்ச்சி பெற்றிருந்தார். பிறகு ஒரு ராணுவப் பள்ளியில் படிப்பு. அதன்பிறகு ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம். நடுவில் படிப்பை நிறுத்திவிட்டு ஃபுளோரிடாவில் சுற்றிக்கொண்டிருந்தபோது, பூங்கா பெஞ்சில் படுத்துத் தூங்கிய குற்றத்துக்காகப் பதினைந்து நாள் சிறையில் இருந்தார். அந்தச் சிறையில்தான் தான் எழுத்தாளனாக வேண்டும் என்று முடிவு செய்ததாக அவர் பின்னர் சொல்லியிருக்கிறார். ஊர் திரும்பி இதழியல் படித்தார். விடுதித் தோழர் ஜிம் குளோவர் அவருக்கு இடதுசாரி அரசியலையும் பழைய தொழிற்சங்கப் பாட்டுகளையும் அறிமுகப்படுத்தினார். 1960ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் கென்னடி வெல்வார் என்று ஓக்ஸும் நிக்ஸன் வெல்வார் என்று குளோவரும் பந்தயம் கட்டினார்கள். குளோவர் தோற்றார், பந்தயப் பொருளான கிட்டார் ஓக்ஸின் கைக்கு வந்தது. கென்னடியின் வெற்றியால் கிடைத்த கிட்டாரில்தான் மூன்று ஆண்டுகள் கழித்து கென்னடிக்கு இரங்கல் பாட்டையும் கட்டினாரா என்பது எனக்குத் தெரியாது. தேர்தல் முடிவு ஒன்று அவரைப் பாடகராக்கியது என்பது மட்டும் உறுதி.

மாணவர் ஏட்டில் அவர் எழுதிய கட்டுரைகள் நிர்வாகத்துக்கு உவப்பாக இல்லை. ஆசிரியர் பொறுப்புக்குத் தகுதியானவராக இருந்தும் அவரை ஒதுக்கிவிட்டு வேறொருவரை நியமித்தார்கள். பட்டத்துக்கு ஒரு பருவமே மீதமிருந்த நிலையில் அவர் கல்லூரியை விட்டு வெளியேறி, 1962இல் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதிக்கு வந்துசேர்ந்தார். ஆசிரியர் குழுவில் இடம் கிடைக்காத ஒருவர், தலையங்கத்தைக் கிட்டாரோடு சேர்த்து வாசிக்கத் தொடங்கினார் என்று இதைச் சொல்லலாம்.

வில்லேஜில் அப்போது ‘பிராட்சைட்’ என்ற சிற்றிதழ் வெளிவந்துகொண்டிருந்தது. ஸிஸ் கன்னிங்ஹாம், கார்டன் ஃப்ரீசன் என்ற தம்பதியர் தங்கள் வீட்டிலிருந்தே ரோனியோ எடுத்து, தாள்களைச் சேர்த்துக் கட்டி விற்ற பத்திரிகை அது. கொலை, விபத்து, வெள்ளம் என்று நேற்று நடந்ததைப் பாட்டாக்கித் தெருவில் விற்கும் ஒற்றைத் தாளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர்தான் அந்தப் பத்திரிகையின் பெயர். நம்மிடம் அதை குஜிலிப் பாட்டு என்பார்கள். புதிதாக எழுதப்பட்ட, நடப்புச் செய்தியைப் பேசும் பாட்டுகளுக்கு மட்டுமே அதில் இடம். ஓக்ஸுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அமைந்திருக்க முடியாது. காலையில் செய்தித்தாள்களையும் வார இதழ்களையும் விரித்து வைத்துக்கொண்டு பாட்டுக்கான பொருளைத் தேடுவது அவருடைய வழக்கமாக இருந்தது. எழுதும் வேகமும் அசாதாரணமானது. ஃபில்லுக்குத் தன்னால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று பாப் டிலனே ஒரு கட்டத்தில் சொன்னதுண்டு. 1964இல் வந்த முதல் தட்டுக்கு, நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் முகப்பு வாசகத்தைக் கிண்டலாகத் திருப்பி, பாடத் தகுந்த செய்திகள் அனைத்தும் என்று பொருள்படும் தலைப்பைச் சூட்டினார். அமெரிக்கத் தரைப்படை வியட்நாமில் இறங்குவதற்கு ஓராண்டுக்கு முன்பே, அந்தத் தட்டில் வியட்நாம் பற்றிய பாட்டு இருந்தது.

அந்தத் தட்டில் எனக்கு மிகவும் பிடித்தது வில்லியம் வொர்த்தி என்ற பத்திரிகையாளரைப் பற்றிய பாட்டு. வொர்த்தி ஒரு கறுப்பினச் செய்தியாளர். தடையை மீறிச் சீனாவுக்குப் போனதற்காக அவருடைய கடவுச்சீட்டை அரசு புதுப்பிக்க மறுத்தது. அவர் கடவுச்சீட்டே இல்லாமல் 1961இல் கியூபாவுக்குப் போய்ச் செய்தி சேகரித்துத் திரும்பினார். கியூபாவுக்குப் போனதற்காக அல்ல, உரிய சீட்டு இல்லாமல் தன் சொந்த நாட்டுக்குள் திரும்பி வந்ததற்காக அவர்மீது வழக்குப் போட்டுத் தண்டனையும் விதித்தார்கள். இந்த அபத்தத்தை ஓக்ஸ் கோபமாகப் பாடவில்லை. கொட்டகைக்காரர் கூட்டம் சேர்ப்பதுபோல் துள்ளலான ஒரு மெட்டில், கியூபாவுக்குப் போனவன் இனி அமெரிக்கனே அல்ல என்ற பொருளில் சிரித்துக்கொண்டே பாடுகிறார். 1964இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. செய்தி அத்துடன் செத்துவிட்டது, பாட்டு இருக்கிறது. இன்றைக்கும் அதைக் கேட்கிறவருக்கு வொர்த்தி யார் என்று தேடிப்பார்க்கத் தோன்றுகிறது.

1964ஆம் ஆண்டுக் கோடையில், கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவு செய்யும் இயக்கத்துக்காகப் பாடகர்கள் சிலர் மிஸிஸிப்பி மாநிலத்துக்குப் போனபோது ஓக்ஸும் போனார். அங்கே மூன்று இளம் தொண்டர்கள் காணாமற்போயிருந்த நேரம் அது. ஆகஸ்ட் 4ஆம் நாள் ஒரு மண்ணணைக்குள்ளிருந்து அவர்களுடைய உடல்களைத் தோண்டியெடுத்தார்கள். தான் மேடையிலிருக்கும்போது யாராவது சுட்டுவிடுவார்கள் என்ற அச்சம் ஓக்ஸுக்கு உண்மையாகவே இருந்தது. அங்கிருந்து வந்த பிறகு எழுதிய பாட்டில், அந்த மாநிலத்தின் மக்கள், பள்ளிகள், காவலர்கள், நீதிபதிகள், தேவாலயங்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, கோப்பையை உயர்த்தி வாழ்த்துச் சொல்வதுபோல் சாபமிடுகிறார்; இனி நீ எங்கள் நாட்டின் பகுதியாக இராதே என்று அதை முடிக்கிறார். வடக்கில் வாழும் தாராளவாதிகள் இதற்குக் கைதட்டினார்கள். அப்படிக் கைதட்டியவர்களுக்கென்று அவர் இன்னொரு பாட்டு வைத்திருந்தார். தூரத்து அநீதிக்குக் கண்ணீர் விட்டு, தன் தெருவுக்குக் கறுப்பினத்தவர் குடிவந்தால் முகம் சுளிக்கிற நடுத்தர வர்க்கத்து நல்லவர்களின் குரலில், பெயர் பெயராகச் சொல்லிப் பாடும் பாட்டு அது. 1966இல் வந்த நேரடி நிகழ்ச்சித் தட்டில் அதைக் கேட்டால், அரங்கம் எந்த இடத்தில் சிரிக்கிறது, எந்த இடத்தில் சிரிப்பு கொஞ்சம் தயங்குகிறது என்பது காதுக்குத் தெளிவாகத் தெரியும்.

டிலனோடு அவருக்கிருந்த உறவைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதிவிட்டார்கள். டிலன் பாடிக்காட்டிய ஒரு புதிய பாட்டு அவ்வளவாகத் தேறாது என்று ஓக்ஸ் வெளிப்படையாகச் சொல்ல, நீ பாடகனே அல்ல, பத்திரிகைக்காரன் என்று சொல்லி டிலன் அவரைக் காரிலிருந்து இறக்கிவிட்ட கதை எல்லாருக்கும் தெரியும். வசையாகச் சொல்லப்பட்ட அந்தச் சொல்லை நான் வசையாகக் கருதவில்லை. ஆனால் ஓக்ஸ் அதை மறக்கவில்லை என்றே தோன்றுகிறது. 1967இல் புதிய இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்ந்து கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்த பிறகு, செய்திகளை விட்டுவிட்டு வாத்தியக் குழுவோடும் படிமங்களோடும் நீண்ட பாடல்களை அவர் எழுதத் தொடங்கியதில், தானும் கவிஞன்தான் என்று நிறுவிக்காட்டும் வேகம் தெரிகிறது. அவற்றில் சில, அலங்காரத்தின் பாரம் தாங்காமல் மூழ்கிவிடுகின்றன. கென்னடியின் கொலையைச் சிலுவையேற்றமாகக் கண்டு எழுதிய நெடும்பாட்டு மட்டும் வேறு வகை. வாத்தியங்கள் இல்லாமல், இசைக்கருவியே இல்லாமல், ராபர்ட் கென்னடியின் முன்னால் ஒருமுறை அதை அவர் பாடினார். யாரைப் பற்றிய பாட்டு என்பது புரிந்தபோது தம்பியின் முகம் மாறிவிட்டது என்பார்கள். அடுத்த ஆண்டே அந்தத் தம்பியும் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்தக் காலத்துப் பாட்டுகளில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1964இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண் தன் வீட்டருகே குத்திக் கொல்லப்பட்டார். 38 பேர் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தார்கள் என்று நாளிதழ் எழுதியது. அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு, பழைய மதுக்கடைப் பியானோவின் குதூகலமான தாளத்தில், நம் நண்பர் வட்டத்துக்கு வெளியே யாருக்கும் இது ஆர்வமூட்டாது என்று தோளைக் குலுக்கும் ஒரு பாட்டை ஓக்ஸ் எழுதினார். 38 என்ற அந்த எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டது என்பது பல பத்தாண்டுகள் கழித்து நிறுவப்பட்டது. சிலர் காவல்துறையை அழைத்திருக்கவும் கூடும். செய்தித்தாளை நம்பிப் பாடுகிறவருக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. ஆனால் பாட்டு அதனால் பொய்யாகிவிடவில்லை, ஏனென்றால் அதன் அடுத்தடுத்த கண்ணிகளில் வரும் சாலை விபத்து, சேரி, சிறை எல்லாவற்றிலும் அந்தத் தோள்குலுக்கல் உண்மையாகத்தான் இருக்கிறது. மரிவானா பற்றிய ஒரு வரிக்காக வானொலி நிலையங்கள் பாட்டை ஒதுக்கின. இல்லாவிட்டால் அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஒரே வெற்றிப் பாட்டு அதுவாக இருந்திருக்கும். உண்மையில் அவர் எழுதிய பாட்டுகளில் விற்பனைப் பட்டியலில் உயரே போனது ஜோன் பயஸ் பாடிய ஒன்றுதான், அதுவும் பிரிட்டனில்.

1967இல் அவர் செய்த ஒரு காரியத்தை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பும் வியப்பும் ஒருங்கே வருகின்றன. போரை எதிர்த்து எதிர்த்து அலுத்துப்போய், போர் முடிந்துவிட்டது என்று தானே அறிவித்துவிட்டார். அதற்கென ஒரு பாட்டு எழுதி, முதலில் லாஸ் ஏஞ்சலிஸில் ஜூன் மாதமும், பிறகு நியூயார்க்கில் நவம்பர் மாதமும் வெற்றி ஊர்வலம் நடத்தினார். லாஸ் ஏஞ்சலிஸில் குடியரசுத் தலைவர் ஜான்ஸன் தங்கியிருந்த விடுதிக்கு வெளியே நடந்த ஆர்ப்பாட்டத்தைப் போலீஸ் தடியடி நடத்திக் கலைத்தது. நியூயார்க்கிலோ மக்கள் தெருக்களில் போர் முடிந்துவிட்டது என்று கூவிக்கொண்டு ஓடினார்கள். பார்த்தவர்களில் சிலர் நம்பியும் விட்டார்கள். பொய்ச் செய்தியை வேண்டுமென்றே வெளியிட்ட ஒரே தருணத்தில்தான் இந்தப் பத்திரிகைக்காரப் பாடகர் உச்சத்தில் இருந்தார் என்று தோன்றுகிறது.

பிறகு சிகாகோ. 1968 ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சி மாநாடு நடந்தபோது, ஜெர்ரி ரூபின், ஆபி ஹாஃப்மன் முதலியோரின் யிப்பி என்ற போர் எதிர்ப்பு இளைஞர் கூட்டத்தாருடன் ஓக்ஸும் இருந்தார். குடியரசுத் தலைவர் வேட்பாளராக ஒரு பன்றியை நிறுத்துவது என்று முடிவானதும், சுற்றுவட்டாரப் பண்ணைகளில் தேடித் திரிந்து பன்றியை விலைக்கு வாங்கிவந்தவர் இவர்தான். நகர மையத்திலுள்ள சதுக்கத்தில் வேட்பாளரை அறிமுகப்படுத்திக்கொண்டிருக்கும்போதே ஆட்களையும் பன்றியையும் போலீஸ் அள்ளிக்கொண்டு போயிற்று. அடுத்த சில நாட்களில் நகைச்சுவைக்கு இடமே இல்லாமல் போனது. தொலைக்காட்சி விளக்குகளின் கீழ் இளைஞர்களைக் காவலர்கள் தலை உடைய அடித்தார்கள். கலவரத்தைத் தூண்டியதாக ரூபின், ஹாஃப்மன் முதலியோர்மீது மறு ஆண்டு நடந்த சதி வழக்கில் ஓக்ஸ் அவர்கள் தரப்புச் சாட்சியாகக் கூண்டேறினார். பன்றியின் கொள்முதல் பற்றி வழக்கறிஞர் வில்லியம் குன்ஸ்ட்லர் மிகுந்த தீவிரத்துடன் விசாரிக்க, அவர் அதே தீவிரத்துடன் பதில் சொன்னார். சிகாகோவில் பாடிய பாட்டை இங்கே பாடிக்காட்டுங்கள் என்று குன்ஸ்ட்லர் கிட்டாரை நீட்டியபோது நீதிபதி ஜூலியஸ் ஹாஃப்மன் அனுமதிக்கவில்லை. நீதிமன்றத்துக்கு வெளியே வந்து செய்தியாளர்களின் ஒலிவாங்கிகளுக்கு முன்னால் அவர் அதைப் பாடினார்.

கல்லறைக்கல் உறை இந்தக் காலத்தில்தான் வந்தது. தன் கட்சியும் தன் நாட்டின் கதாநாயகர்களும் சிகாகோவில் செத்துவிட்டதாக அவர் உணர்ந்ததில் நடிப்பு இல்லை. எனினும், அவருக்கு அப்போது வயது 28. தந்தையின் நோய் பெரும்பாலும் தலைகாட்டும் வயது. அளவுக்கு மீறிய திட்டங்களும், தூக்கமற்ற உற்சாகமும், அதைத் தொடர்ந்து மாதக்கணக்கில் எதுவும் எழுத முடியாத இருட்டும், இரண்டையும் நனைக்கும் குடியும் மாறி மாறி வந்தன. அரசியல் தோல்வி இதற்கெல்லாம் நல்ல விளக்கமாக அமைந்துவிட்டதால், வேறு விளக்கத்தை யாரும் தேடவில்லை. அவரே தேடவில்லை என்பதுதான் வருத்தமானது.

1970 மார்ச் 27 அன்று கார்னகி ஹாலில் நடந்ததை இந்த இரண்டு விளக்கங்களைக் கொண்டும் படிக்கலாம். எல்விஸ் பிரஸ்லிக்குத் தங்க உடை தைத்த நூடி கோன் என்ற தையற்காரரிடம் அதேபோல ஒரு தங்கச் சரிகைச் சட்டையும் கால்சட்டையும் தைத்து அணிந்துகொண்டு ஓக்ஸ் மேடைக்கு வந்தார். அமெரிக்காவில் புரட்சி வர வேண்டுமானால் எல்விஸ், சே குவேராவாக மாற வேண்டும் என்பது அவருடைய வாதம். தன் பாட்டுகளுக்கு நடுவே எல்விஸ் பாட்டுகளையும், பட்டி ஹாலி, மெர்ல் ஹாகார்ட் பாட்டுகளையும் பாடினார். போர் எதிர்ப்புப் பாட்டு கேட்க வந்த கூட்டம் கூச்சலிட்டது. இசையிலும் மதவெறி போன்ற ஒரு வெறி இருக்க முடியும் என்று அவர் கூட்டத்துக்கு எடுத்துச் சொல்வதைப் பதிவில் கேட்கலாம். முதல் காட்சி வெடிகுண்டு மிரட்டலால் பாதியில் நின்றது. இரண்டு காட்சிகளுக்கு நடுவே நுழைவுச்சீட்டு அறையின் கண்ணாடியைக் குத்தி உடைத்துத் தன் கையையே கிழித்துக்கொண்டார். தேர்ந்தெடுத்த வெற்றிப் பாடல்கள் என்று பெயரிட்டு அதே ஆண்டில் அவர் வெளியிட்ட தட்டில் பழைய பாட்டு ஒன்றுகூட இல்லை; எல்லாம் புதியவை. கடைசிப் பாட்டின் பொருள், இனிமேல் பாட்டுகள் இல்லை என்பது. அந்தச் சொல்லை ஏறக்குறைய அப்படியே காப்பாற்றினார்; அதற்குப் பிறகு ஒரு முழுத் தட்டு அளவுக்குப் புதிய பாட்டுகளை அவர் எழுதவே இல்லை.

எழுத வராதபோது ஊர் சுற்றினார். 1971இல் சிலிக்குப் போனபோது, அங்கே விக்தோர் ஹாரா என்ற பாடகரை எதிர்பாராமல் சந்தித்தார். தான் வில்லேஜில் கனவு கண்டதை ஹாரா சுரங்கத் தொழிலாளர்களின் நடுவே நின்று நடத்திக்காட்டிக்கொண்டிருந்தார். 1973இல் ஆப்பிரிக்கா சென்றார். நைரோபியில் உள்ளூர் ரும்பா குழுவோடு சேர்ந்து லிங்காலா, ஸ்வாஹிலி மொழிகளில் ஒரு தட்டைப் பதிவு செய்தார். உலக இசை என்ற வணிகப் பெயர் பிறப்பதற்கு வெகு முன்னால் நடந்த இந்த முயற்சி கேட்பதற்கு இன்றும் புதிதாகவே இருக்கிறது. ஆனால் தான்சானியாவின் தார் எஸ் ஸலாம் கடற்கரையில் ஓர் இரவு தனியாக நடந்துகொண்டிருந்தவரை வழிப்பறிக்காரர்கள் கழுத்தை நெரித்துவிட்டுப் போட்டுப் போனார்கள். குரல்நாண் சேதமடைந்து, குரலின் உச்சத்திலிருந்த சில சுரங்கள் திரும்பி வரவே இல்லை. அமெரிக்க உளவுத்துறைதான் ஆளனுப்பியது என்று அவர் நம்பத் தொடங்கினார். அந்த ஆண்டு செப்டம்பரில் சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஹாராவை ஒரு விளையாட்டரங்கில் அடைத்து, சித்திரவதை செய்து சுட்டுக் கொன்றார்கள்.

அதன்பிறகு அவர் இரண்டு பெரிய காரியங்களைச் செய்து முடித்தார். 1974 மே மாதம் நியூயார்க்கில் சிலி அகதிகளுக்காக ஒரு நிகழ்ச்சியை ஏற்பாடு செய்தார். சீட்டுகள் விற்காமல் நிகழ்ச்சி நின்றுவிடும் நிலையில், டிலனை நேரில் பிடித்துப் பேசிச் சம்மதிக்கவைத்தார். டிலன் பெயர் அறிவிக்கப்பட்டதும் அரங்கு நிறைந்தது. 1975 ஏப்ரல் இறுதியில் வியட்நாம் போர் உண்மையாகவே முடிந்தபோது, மே 11 அன்று சென்ட்ரல் பார்க்கில் பெருங்கூட்டத்துக்கு முன்னால் போர் முடிந்த விழா நடத்தினார். ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வந்தார்கள் என்பது பரவலான கணக்கு. எட்டு ஆண்டுகளுக்கு முன் பொய்யாகப் பாடிய பாட்டை அங்கே மெய்யாகப் பாடினார்.

விழா முடிந்து சில வாரங்களுக்குள் அவர் ஃபில் ஓக்ஸாக இருப்பதையே நிறுத்திவிட்டார். தன் பெயர் ஜான் பட்லர் டிரெயின் என்றும், 1975 கோடையின் முதல் நாளில் செல்ஸி ஹோட்டலில் ஃபில் ஓக்ஸைத் தானே கொன்றுவிட்டதாகவும் சொல்லிக்கொண்டு திரிந்தார். கையில் எப்போதும் சுத்தியலோ கத்தியோ இருந்தது. பழைய நண்பர்களைத் திட்டினார், அடிக்கப் போனார், தெருவில் படுத்தார். நண்பர்கள் பயந்து விலகினார்கள். கல்லறைக்கல்லில் விளையாட்டாகத் தொடங்கிய மரணத்தை நோய் இப்போது வினையாக எடுத்துக்கொண்டது. கொந்தளிப்பு அடங்கிய பிறகு டிரெயினும் போய்விட்டார். மிஞ்சியவர், தான் செய்ததையெல்லாம் நினைத்துக் கூசிப்போன ஒரு மனிதர். 1976 ஜனவரியில் ஃபார் ராக்கவேயில் இருந்த சோனியின் வீட்டுக்கு வந்தார். அப்போதுதான் மருத்துவர் நோய்க்குப் பெயர் சொன்னார். அக்காள் பிள்ளைகளோடு சீட்டாடினார், தொலைக்காட்சி பார்த்தார், கிட்டாரைத் தொடவில்லை. ஏப்ரல் 9 அன்று தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். வயது 35.

அவருடைய மறைவுக்கு அதே மாதம் நாடாளுமன்ற உறுப்பினர் பெல்லா அப்ஸுக் அவையின் பதிவேட்டில் அஞ்சலி சேர்த்தார். அரசு வேறொரு பதிவேடும் வைத்திருந்தது. எஃப்பிஐ அவரைப் பற்றிச் சேர்த்துவைத்த கோப்பு நானூறு பக்கங்களுக்கு மேல் இருந்தது. அதில் பல இடங்களில் அவருடைய குடும்பப் பெயரையே தவறாக, மரத்தின் பெயர்போல எழுதிவைத்திருந்தார்கள். தமிழில் இந்தப் பிழையைக் காட்டவே முடியாது. சரியாக எழுதினாலும் ஓக்ஸ், தவறாக எழுதினாலும் ஓக்ஸ்.

பிற்காலத்தவர் அவரை எடுத்துக்கொண்ட விதம் விசித்திரமானது. வழக்கமாக ஒரு பாடகரின் பாட்டைப் பிறர் பாடும்போது சொற்களைத் தொடமாட்டார்கள். ஓக்ஸின் பாட்டுகளிலோ பெயர்களை மாற்றிப் பாடுவதுதான் மரியாதை என்றாகிவிட்டது. இதை முதலில் செய்தவர் அவரேதான். மிஸிஸிப்பிக்கு எழுதிய சாபத்தை 1974இல் ரிச்சர்ட் நிக்ஸன் பெயருக்கு மாற்றிப் பதிவு செய்தார். தாராளவாதிகளைக் கிண்டல் செய்யும் பாட்டில் ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்துப் பெரிய மனிதர்களைச் செருகிக்கொள்கிறது. 1990களில் ஜெல்லோ பியாஃப்ரா, மோஜோ நிக்ஸன் என்ற பாடகர்கள் கிளின்டன் காலத்துக்கு அதைத் திருத்தினார்கள். சோனி 1983 முதல் ஊர் ஊராக நடத்திவந்த ஃபில் ஓக்ஸ் பாட்டு இரவுகளில், ஓக்ஸின் பாட்டுகளோடு, பாடகர்கள் தங்கள் நாளின் செய்திகளைப் பாடும் பாட்டுகளுக்கும் இடம் இருந்தது. ஓக்ஸின் மகள் மீகன் கொடுத்த கையெழுத்துப் பிரதிகளும் குறிப்பேடுகளும் ஒக்லஹோமாவின் டல்ஸாவில், நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரி பெயரிலுள்ள மையத்தில் இருக்கின்றன.

தேதியே இல்லாத ஒரு காதல் பாட்டும் அவரிடம் உண்டு. பருவங்கள் மாறுவதைப் பற்றியது. நீல் யங் 2014இல் வெளியிட்ட தட்டில், கீறல் சத்தம் நிறைந்த ஒரு பழங்காலத் தெருப் பதிவுக்கூண்டுக்குள் நின்று அதைப் பாடியிருக்கிறார். காலத்தை வென்ற பாட்டு என்று விமரிசகர்கள் அதைத்தான் சொல்வார்கள், மறுக்க மாட்டேன். ஆனால் இரவில் நான் தேடிப் போட்டுக் கேட்பது முதல் தட்டிலுள்ள ‘த்ரெஷர்’. ஆழ்கடல் சோதனைக்குப் போன அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று, 129 பேருடன் அட்லாண்டிக்கில் மூழ்கிப்போன செய்தியை அப்படியே பாடும் பாட்டு அது. கப்பலைக் கட்டியதிலிருந்து தொடங்கி, கடலுக்குள் இறங்கி, மேலே வராததுவரை வரிசையாகச் சொல்கிறார். கிட்டார் மட்டும் கூடவே ஓடுகிறது, குரலில் எந்த ஒப்பாரியும் இல்லை. நானும் என் வயதையொத்தவர்களும் பிறப்பதற்கு முன், முன்பின் அறியாத ஒரு கடலில் நடந்த விபத்து அது. 1963 ஏப்ரல் 10 என்ற அந்தத் தேதி எனக்குத் தெரிந்தது இந்தப் பாட்டின் வழியாக மட்டுமே.